கடை மாறுகிறது, சாவி மாறவில்லை

(வத்தலக்குண்டில் இளைஞர்கள் கூடிய வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வத்தலக்குண்டைப் பற்றி யாராவது மேடையில் பேசினால் வழக்கமாக சில பெயர்களைச் சொல்வார்கள். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர், மணிக்கொடி பி.எஸ். ராமையா, 1884இல் இங்கே பிறந்த சுப்பிரமணிய சிவா. இன்று எனக்கு சிவா மட்டும் தேவைப்படுகிறார். வ.உ.சி.யோடு அவர் நின்ற சுதேசி இயக்கம் ஒருவகையில் கடைகளைப் பற்றிய இயக்கம். எந்தக் கடையில் வாங்குவது, எந்தத் துணியை உடுத்துவது, யாருடைய கப்பலில் சரக்கு ஏற்றுவது என்பதையெல்லாம் அது அரசியல் ஆக்கியது. 1908இல் அதற்காக இருவரும் சிறைக்குப் போனார்கள். ஆனால் கடைத்தெருவில் யார் கடை வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்ற கேள்வி அந்த இயக்கத்துக்கு வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் பேச்சு உருவானதற்கு ஒரு தம்பிதான் காரணம். போன முறை ஊருக்கு வந்திருந்தபோது கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, நம்ம ஊருக்கு எப்பண்ணே மால் வரும்?" நான் சிரித்துவிட்டேன். கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் இது. மால் எதற்கு, மதுரை பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. "மதுரை மாலுக்குப் போனா யாரும் நீ யார் வீட்டுப் பையன்னு கேக்க மாட்டாங்கண்ணே" என்றான்.

அந்தப் பதிலுக்கு முன்னால் நான் படித்த புத்தகமெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. நுகர்வுக் கலாச்சாரம், உலகமயம் என்று பாடம் நடத்தலாம்தான். அவன் சொன்னது வேறு. காசைக் கொடுத்துப் பொருள் வாங்குகிற அந்த இரண்டு நிமிடமாவது சாதி கேட்காத ஓர் இடம் வேண்டும் என்கிறான். அது நியாயமான ஆசை. அதை முதலில் மதிக்க வேண்டும். அதற்குப் பிறகு, அந்த ஆசை மாலின் வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

இந்த ஊரின் கடைத்தெரு மாறிய கதை உங்களுக்குத் தெரியும். உங்களைவிட எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்த கடை எஸ்.டி.டி. பூத் ஆனது. அது பிரவுசிங் சென்டர் ஆனது. பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை, இப்போது அதே இடத்தில் மோமோ விற்கிறார்கள். தட்டச்சுப் பயிலகம் இருந்த மாடியில் அழகு நிலையம் இருக்கிறது. பொட்டலம் மடித்துக் கொடுத்த மளிகைக்கடைகளுக்குப் பக்கத்தில், நாமே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற சூப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன.

அந்தக் கூடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் அப்பத்தா மளிகைக்கடைக்குப் போனால் படிக்குக் கீழேதான் நிற்கும். காசைப் பலகை மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் பொட்டலத்தை மேலேயிருந்து முந்தானையில் போடுவார். பருப்பில் கல் இருக்கிறதா என்று விரலால் அளைந்து பார்க்கும் உரிமை அப்பத்தாவுக்குக் கிடையாது. அதே அப்பத்தா கடைசிக் காலத்தில் என்னோடு ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தது. "தொட்டுப் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டது. அன்று நாங்கள் வாங்கியது அரைக் கிலோ உளுந்து. எடுத்துக்கொண்ட நேரம் முக்கால் மணி.

இந்த மாற்றம் கம்பெனிகள் போட்ட பிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்குப் பின்னால் நம் முன்னோடிகளின் சண்டை இருக்கிறது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் வந்துபோகும் இடம் எதுவாக இருந்தாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நுழையலாம், தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. பிறகு நமது அரசமைப்புச் சட்டம். அதன் 15(2)ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். சாதி, மதம், இனம், பாலினம், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் முதலில் நிற்கும் சொல் 'கடைகள்'. உணவகம், விடுதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் என்ன என்று கேட்டார்கள். சலவைக்கடை, முடிதிருத்தும் கடையெல்லாம் இதில் வருமா என்ற கேள்வி எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் மிகப் பரந்த விளக்கம் கொடுத்தார். நாடி வருகிற எவருக்கும் சேவை தர ஆயத்தமாக இருக்கிற இடம் எதுவோ அது கடை என்றார். நம்மில் எத்தனை பேருக்கு முடிவெட்ட மறுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர் அவர். அதனால்தான் அந்தச் சொல்லுக்குள் அத்தனை பேருக்கும் இடம் வைத்தார்.

ஆனால் தோழர்களே, இந்தச் சண்டைகள் எல்லாம் நமக்குத் திறந்துவிட்டது கடையின் ஒரு வாசலை. அது வாங்குகிறவரின் வாசல். கடைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பக்கம். அங்கே போக முயன்ற ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன் கொடைக்கானலில் பதினொரு ஆண்டு ஓட்டல் அடுப்படியில் வேலை பார்த்தவர். புரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்றால் கை தெரியாது, அவ்வளவு வேகம். வத்தலக்குண்டில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்று காசு சேர்த்தார். மதினியின் நகை அடகுக்குப் போனது. ஆறுக்கு மூன்று அடியில் புரோட்டாக் கல் ஒன்று சொல்லிச் செய்து வாங்கினார். கல் வந்துவிட்டது. கடைக்கு இடம்தான் வரவில்லை.

முதலில் பார்த்த இடத்தில் உரிமையாளர் நன்றாகவே பேசினார். வாடகை பேசியாயிற்று, அட்வான்ஸ் பேசியாயிற்று. கிளம்பும்போது கேட்டார்: "தம்பிக்கு வீடு எந்தப் பக்கம்?" அண்ணன் சொன்னார். மறுநாள் போன் வந்தது. மருமகனுக்குக் கேட்கிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஷட்டரில் 'வாடகைக்கு' என்ற அட்டை அடுத்த ஐந்து மாதம் தொங்கியது. மருமகன் வரவேயில்லை. இரண்டாவது இடத்தில் 80,000 சொன்ன அட்வான்ஸ், வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு 2 லட்சம் ஆனது. மூன்றாவது இடம், கூடப் படித்த நண்பர் ஒருவரின் பெயரில் ஒப்பந்தம் போட்டதால் கிடைத்தது. நண்பர் வேறு சாதி. நல்ல மனுசன். பைசா வாங்காமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள், கல் அண்ணனுடையது, கை அண்ணனுடையது, கடன் அண்ணனுடையது, பெயர் மட்டும் இன்னொருவருடையது.

கடை ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லில் சத்தம் கேட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். ஒப்பந்தம் 11 மாதம். நம் ஊரில் எல்லா வாடகை ஒப்பந்தமும் 11 மாதம்தான். ஓராண்டு ஆகிவிட்டால் பத்திரப் பதிவு செய்ய வேண்டும், அதைத் தவிர்க்கிற வழக்கம் இது. உரிமையாளருக்கு அது செலவு மிச்சம். வாடகைக்காரருக்கு 11 மாதத்துக்கு ஒரு முறை கழுத்துக்குக் கத்தி. இரண்டாவது ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளர் நேராகவே வந்தார். கோபப்படவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இப்போது அந்த இடத்தில் வேறொரு கடை இருக்கிறது. ஊரில் கேட்டால், "அந்தப் புரோட்டாக் கடை சரியா ஓடல போல" என்பார்கள். ஓடவில்லை என்கிறார்கள். ஓட விடவில்லை என்பதுதான் உண்மை. நாம் தினமும் கடந்துபோகிற தெருவில் ஒரு போர்டு இறங்கி இன்னொரு போர்டு ஏறும்போது, அதற்குள் இப்படி ஒரு கதை இருக்கலாம். போர்டில் அது எழுதியிருக்காது.

இதைச் சொன்னால், சிறுநகரத்தில்தான் இப்படி, பெரிய வணிகத்தில் பணம்தான் பேசும் என்பார்கள். பெரிய வணிகத்தையும் பார்த்துவிடுவோம். அங்கேயும் கடை மாறுவதன் உள்கதை வாடகை ஒப்பந்தம்தான்.

பிக் பஜார் ஞாபகம் இருக்கிறதா? 2001இல் தொடங்கிய கடை. நாடு முழுக்க மால்களில் தரைத்தளமும் முதல் தளமும் அதற்கென்று ஒதுங்கிக் கிடந்த காலம் உண்டு. கொரோனா காலத்தில் அந்தக் குழுமத்தால் வாடகை கட்ட முடியவில்லை. 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸ் அதை 24,713 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அமேசான் குறுக்கே விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிமன்றத்தில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே ரிலையன்ஸ் ஒரு வேலை செய்திருந்தது. பல கட்டடங்களின் உரிமையாளர்களிடம் நேராக வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கி, அந்தக் கடைகளைப் பழைய கம்பெனிக்கே உள்வாடகைக்கு விட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் வாடகை பாக்கி என்று சொல்லி நூற்றுக்கணக்கான கடைகளைக் கையில் எடுத்தது. கொஞ்ச நாளில் பல இடங்களில் ஸ்மார்ட் பஜார் என்று புதுப் பெயர்ப்பலகை ஏறியது. 24,713 கோடி ஒப்பந்தம் பிறகு கைவிடப்பட்டது. கம்பெனியை வாங்காமலே கடைகளை வாங்கிவிட்டார்கள். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடை.

சென்னை ஸ்பென்சர் பிளாசா இன்னொரு பாடம். 1863இல் தொடங்கிய வணிகம். 1895இல் அண்ணா சாலையில் எழும்பிய கட்டடம் 1983 தீவிபத்தில் அழிந்தது. அதே இடத்தில் 1991இல் புது வளாகம் வந்தது. என் தலைமுறைக்குச் சென்னை என்றாலே ஸ்பென்சர்தான். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் சென்னை போன காலத்தில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று புது மால்கள் வந்தன. ஸ்பென்சரில் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்தன, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். புது மால்களில் கட்டடம் முழுக்க ஒரே கையில். எந்தக் கடை எந்த மூலையில், எந்தக் கடையை எப்போது எடுப்பது என்று ஒரே இடத்தில் தீர்மானிக்கிறார்கள். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு. நடைபாதையில் நாலுக்கு நாலு அடியில் சோளம் வேகவைத்து விற்கிறவருக்குச் சதுர அடி வாடகை மிக அதிகம். வலியவனுக்குத் தள்ளுபடி, எளியவனுக்கு முழு விலை. நமக்குப் பழக்கமான கணக்குதான்.

ஆக, சிறிய கடைத்தெருவிலும் பெரிய மாலிலும் கேள்வி ஒன்றே: இடம் யார் கையில்? நம் மாவட்டம் பூட்டுக்குப் பேர்போனது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பூட்டு செய்கிற மாவட்டத்துக்காரர்கள் நாம், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

இது என் அண்ணன் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று நினைத்தால் எண்களைப் பாருங்கள். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2013இல் வந்தது. நாட்டின் மக்கள்தொகையில் 16.4 சதவீதம் இருந்த பட்டியல் சாதியினரிடம் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 சதவீதம். அதிலும் பெரும்பாலானவை ஒருவரே முதலாளி, ஒருவரே தொழிலாளி என்கிற அளவுதான். 2006இல் 'இந்திய கிராமங்களில் தீண்டாமை' என்ற ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கிராமங்களில் தலித் மக்கள் கடைக்குள் நுழைய முடியவில்லை. பாதிக்குச் சற்றுக் குறைவான கிராமங்களில் அவர்கள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை. மாடு கறப்பது யார் என்று பார்த்துப் பாலின் விலை தீர்மானிக்கப்படும் நாட்டில், புரோட்டா போடுவது யார் என்று பார்க்க மாட்டார்களா?

பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற பொருளாதார அறிஞர் 1970களிலிருந்து நம்முடைய ஆரணி நகரத்துக் கடைத்தெருவைத் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். சந்தை வளர்ந்தால் சாதி தானாகக் கரையும் என்ற நம்பிக்கையை அவருடைய ஆய்வு உடைத்தது. கடன் யாருக்கு, சரக்கு யாருக்கு, இடம் யாருக்கு என்பதைச் சாதிதான் பல இடங்களில் ஒழுங்குபடுத்துகிறது என்று காட்டினார். நமக்கு இது அனுபவம், அவருக்கு இது ஆய்வு முடிவு. இரண்டும் ஒன்றாக இருப்பது முக்கியம்.

சந்தேகம் இருந்தால் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். செட்டியார் மெஸ், கோனார் கடை, தேவர் ஓட்டல், ஐயங்கார் பேக்கரி. அந்தப் பெயர்கள் அங்கே ஒரு வேலை செய்கின்றன. சுவைக்கும் சுத்தத்துக்கும் உத்தரவாதம் தருவதுபோல நிற்கின்றன. நம் சாதிப் பெயரைப் போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். நாம் அப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவருமே வைக்கக் கூடாது என்பதுதான் நம் நிலைப்பாடு. ஆனால் ஒருவருக்கு வியாபாரச் சின்னமாக இருப்பது இன்னொருவருக்கு மறைக்க வேண்டிய ரகசியமாக இருக்கிற இடத்துக்குப் பெயர் சுதந்திரச் சந்தை கிடையாது.

மாலுக்குள் நமக்கு வேலை கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. எந்த வேலை என்று பாருங்கள். கழிவறை வாசலில் துடைப்பத்தோடு நிற்பவர், வாகன நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவர், துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண். 'அங்காடித் தெரு' படம் 2010இல் இதைக் காட்டியது. விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018இல் பெற்றார்கள். கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்து இருக்கிறது. ஒரு நாற்காலிக்கு 74 ஆண்டு ஆகியிருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறார்களா, உட்கார விடுகிறார்களா என்பதை அடுத்த முறை கடைக்குப் போகும்போது கவனியுங்கள்.

நாற்காலி என்றதும் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ ஞாபகம் வருகிறது. அங்கே வூல்வொர்த் என்று ஒரு பெரிய கடை. கறுப்பின மக்கள் அதில் சோப்பு வாங்கலாம், நோட்டு வாங்கலாம். உள்ளேயே இருந்த சாப்பாட்டு மேசையில் மட்டும் உட்காரக் கூடாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் வயது. பரிமாறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. 1990களில் அந்தக் கம்பெனியே அமெரிக்காவில் தன் கடைகளை மூடிக்கொண்டு போய்விட்டது. கிரீன்ஸ்பரோ கட்டடம் இன்று குடிமை உரிமை அருங்காட்சியகமாக நிற்கிறது. கடை போய்விட்டது, அவர்கள் உட்கார்ந்த மேசை இருக்கிறது.

நம் இயக்கத்துக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு வரும். தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "முதலாளித்துவத்தையும் பார்ப்பனியத்தையும் எதிரிகள் என்று அம்பேத்கர் சொன்னாரே, நாம் ஏன் கடை கேட்கிறோம்?" சரியான கேள்வி. 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட தொழிலாளர்களின் மாநாட்டில் பேசிய பேச்சு அது. அதே பேச்சில், நல்ல கூலி கிடைக்கும் வேலைகளிலிருந்து நம் தொழிலாளர்கள் எப்படித் தள்ளிவைக்கப்படுகிறார்கள் என்பதையும் அவர் பேசினார். நூலை வாயில் வைக்க வேண்டியிருக்கும் என்பதற்காக நெசவுப் பிரிவில் நம்மைச் சேர்க்காத ஆலைகள் இருந்த காலம் அது. தொழிலாளர் ஒற்றுமை பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோகக் கூடாது என்பது அவர் நிலை. அதையே நான் கடைத்தெருவுக்குச் சொல்கிறேன். புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் முதலாளி ஆகிவிட மாட்டார். காலையில் மைதா வாங்கி, இரவு பாத்திரம் கழுவிப் படுக்கிற உழைப்பாளி அவர். அவருக்கு ஊரின் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது சமத்துவக் கோரிக்கை.

இடத்தை எப்படிப் பெறுவது? தென் மாவட்டங்களில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோயிலுக்குள் விடப்படாமல், மேலாடை அணிய உரிமை இல்லாமல் இருந்த நாடார் சமூகம், ராமநாதபுரம் சீமையில் பேட்டைகள் அமைத்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று பிடித்துப் பொதுநிதி சேர்த்தது. அதில் பள்ளி, கிணறு, கடன் எல்லாம் வந்தன. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. தனிமனிதத் திறமையால் மட்டும் எந்தக் கடைத்தெருவும் எழும்பவில்லை, கூட்டு நிதியால் எழும்பியது என்பது இதில் நாம் கற்க வேண்டியது. சாதி வழியாகச் சேர்ந்த நிதி, நாளடைவில் சாதிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதும் நாம் கற்க வேண்டியதுதான். நமக்கு நம் சாதிக்கென்று ஒரு பேட்டை வேண்டாம். எல்லோருடைய வரிப்பணத்தில் கட்டிய பொதுக் கடைகளில் நம் பங்கு வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. பேசிவிட்டுக் கலைய நான் வரவில்லை.

முதல் வேலை. பேரூராட்சிக்குச் சொந்தமான கடைகள் எத்தனை, ஒவ்வொன்றும் யார் பெயரில், என்ன வாடகை, கடைசியாக எப்போது ஏலம் விட்டார்கள், ஏலத்தில் பட்டியல் சாதியினருக்கு எத்தனை கடை ஒதுக்கினார்கள், உள்வாடகைக்குப் போனவை எத்தனை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆறு கேள்வி, பத்து ரூபாய் கட்டணம். நம் நிலக்கோட்டை தனித்தொகுதி. சட்டமன்ற நாற்காலிக்கு ஒதுக்கீடு இருக்கிற ஊரில், பேருந்து நிலைய ஷட்டரின் கணக்கைக் கேட்க நமக்குத் தயக்கம் எதற்கு?

இரண்டாவது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு உரிமை உள்ள தொழிலையோ வியாபாரத்தையோ பட்டியல் சாதியினர் செய்யவிடாமல் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதன்படி குற்றம். அண்ணனுக்கு இது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. முனைவர் பட்டம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் இருந்தால் மட்டும் வழக்கு நிற்காது, சாட்சி வேண்டும், ஆதாரம் வேண்டும். அதனால் இனி யாராவது கடைக்கு இடம் பார்க்கப் போனால் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேர் கூடப் போங்கள். என்ன வாடகை சொன்னார்கள், எப்போது மாற்றினார்கள் என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது. திட்டங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்று 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா 2025 வரை நடைமுறையில் இருந்தது. தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. நம் ஊர்க் கிளைகளில் யாருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் திரும்பி வருகிறவர்களுக்கு எழுதிக்கொடுங்கள். ஆனால் கடன் கிடைத்தாலும் இடம் கிடைக்காவிட்டால் அண்ணன் கதைதான் என்பதை மறக்காதீர்கள். அரசுத் திட்டங்கள் பணத்தைப் பற்றிப் பேசுகின்றன, ஷட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. அதைப் பேச வைக்க வேண்டியது நாம்.

நான்காவது, கூட்டத்துக்கு வந்திருக்கிற மற்ற சாதித் தோழர்களுக்கு. உங்களில் சிலர் வீட்டுக்குச் சொந்தமாகக் கடைக் கட்டடம் இருக்கும். சாதி ஒழிப்பு பேசுவதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற இடம் அதுதான். அடுத்த முறை அந்த ஷட்டர் காலியாகும்போது, வீட்டில் ஒரு வார்த்தை பேசுங்கள். அண்ணனுக்காகக் கையெழுத்துப் போட்ட அந்த நண்பரை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் அப்படி ஒரு கையெழுத்து தேவைப்படாத ஊர்தான் நமக்கு வேண்டும்.

அந்தத் தம்பி இன்று இங்கே வந்திருக்கிறான். அவனுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தம்பி, மால் வரட்டும், போய்ப் பார்ப்போம். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், உள்ளே குளிராக இருக்கும், யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நீ அங்கே ஒரு கடை வைக்க வேண்டும் என்று கேட்டுப் பார். அப்போது யார் வீட்டுப் பையன் என்ற கேள்வி திரும்ப வரும். அந்தக் கேள்வி வராத நாள்தான் நம் ஊர் மாறிய நாள்.

அண்ணன் மறுபடி கொடைக்கானலில் வேலை பார்க்கிறார். அந்தப் புரோட்டாக் கல் வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. மழைக்குத் துரு ஏறக் கூடாது என்று மதினி மாதம் ஒரு முறை எண்ணெய் தடவி வைக்கிறார். இன்னும் விற்கவில்லை.